நூறு ஆண்டுக்குக் கடல் சுவர் போடுகிறோம், கடலில் இருந்தவர்களைக் கேட்டோமா?

தெம்பனிஸ்_வாசி (இழை தொடக்கம்)

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பேட்டைச் சமூக மன்றத்தில் ‘லாங் ஐலண்ட்’ பற்றி ஒரு சின்னக் கண்காட்சி வைத்திருந்தார்கள். மனைவி பாசாருக்குப் போயிருந்தாள், எனக்கு வேறு வேலையில்லை, குளிர்சாதனம் இருக்கிறதே என்று உள்ளே நுழைந்தேன். சிங்கப்பூர்க் கிழக்குக் கடற்கரைக்கு எதிரே கடலைத் தூர்த்து ஏறத்தாழ 800 ஹெக்டர் நிலம், அதற்கும் இப்போதைய கரைக்கும் நடுவில் நீர்த்தேக்கம், ஏறி வரும் கடலுக்கு அதுவே தடுப்பு. படம் நன்றாகத்தான் இருந்தது.

பக்கத்தில் ஒரு மலாய்ப் பெரியவர், எழுபதுக்கு மேல் இருக்கும், படத்தில் கிழக்குக் கடற்கரையைப் பார்க்கவே இல்லை. விரலை அப்படியே கீழே இறக்கித் தெற்குத் தீவுகள் பக்கம் கொண்டுபோய் ஓர் இடத்தில் அழுத்திக்கொண்டு நின்றார். “நான் இங்கே பிறந்தேன்” என்றார். செமாக்காவ். நம் எல்லாருடைய குப்பையும் எரிந்து சாம்பலாகிப் போய்ச் சேரும் தீவு. அப்புறம் அங்கே நின்ற தொண்டூழியப் பையனிடம், “இதைக் கட்டினால் தண்ணீர் எந்தப் பக்கம் திரும்பும்?” என்று கேட்டார். ஆய்வு நடக்கிறது என்றான் பையன், பாவம், மரியாதையாகத்தான் சொன்னான். பெரியவர் என்னிடம் திரும்பி, “திரும்பின பிறகு எனக்கும் சொல்லச் சொல்லுங்கள்” என்றார்.

அவரைக் காப்பிக்கடைக்கு அழைத்துப் போனேன். ஒரு தே தாரிக் தீர்வதற்குள் பத்துப் பன்னிரண்டு திட்டுகளின் பெயர் சொல்லிவிட்டார், எல்லாம் ‘தெரும்பு’ என்று தொடங்குகிற பெயர்கள். நீர் வற்றினால் தலைகாட்டும் பவளத்திட்டுக்குத் தெரும்பு என்று பெயராம். ஆண்டு நடுவில் கடல் விடியலில் நன்றாக வற்றும், ஆண்டுக் கடைசியில் மாலையிலும் இரவிலும் வற்றும், அதனால் ஜூன் மாதம் வந்தால் அம்மா நாலு மணிக்கே விளக்கோடு எழுப்பிக் கொங்கொங் நத்தை பொறுக்கக் கூட்டிப் போவாராம். எழுபதுகளில் தீவைக் காலி செய்து தெலுக் பிளாங்கா அடுக்குமாடிக்கு வந்திருக்கிறார்கள்.

சரி, என் கேள்வி இதுதான். 2019 தேசிய தினப் பேரணியில் கடலுக்குத் தடுப்புக் கட்ட நூறு ஆண்டுகளில் 100 பில்லியன் வெள்ளி ஆகலாம் என்றார்கள். எதிர்காலத்தைப் பற்றி யோசிப்பதற்கென்றே பிரதமர் அலுவலகத்தில் 2009இல் ஒரு நிலையம் வைத்தார்கள். நான் குறை சொல்லவில்லை, இவ்வளவு தூரம் முன்னால் பார்க்கிற அரசாங்கங்கள் குறைவு. ஆனால் இந்தப் பெரியவர் மாதிரி ஆட்களிடம் கேட்பதற்கு ஏதாவது இருக்கிறதா, இல்லை இது வெறும் என் மனநெகிழ்ச்சியா? திட்டுவதானாலும் திட்டுங்கள்.

சங்கத்தமிழன்77

இதில் புதிதாக என்ன இருக்கிறது? ஐந்திணை வகுத்தவன் தமிழன். நெய்தல் நிலத்துக்கு இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே இலக்கணம் எழுதினோம். கடல்கோளைப் பற்றி நம் இலக்கியத்தில் இல்லாததா? வெள்ளைக்காரன் இப்போதுதான் பூர்வகுடி அறிவு என்று புதுப்பெயர் வைத்துக்கொண்டு வருகிறான்.

பொங்கோல்_பொறியாளன்

சங்கத்தமிழன் ஐயா, அடுத்தது லெமூரியாவா? கொஞ்சம் பொறுங்கள்.

தெம்பனிஸ் அண்ணே, உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் என் பிழைப்பே ஏறத்தாழ இதுதான் (கடல் தடுப்பு இல்லை, வடிகால், ஆனால் சொந்தக்காரத் தொழில்). 2024 ஜனவரியில் வந்த தேசிய ஆய்வின்படி இங்கே 2100க்குள் கடல் மட்டம் 1.15 மீட்டர் வரை உயரலாம், அதிகக் கரியமில வாயு வெளியேறினால் 2150க்குள் 2 மீட்டர் பக்கம். நம் நிலத்தில் சுமார் 30 விழுக்காடு சராசரிக் கடல் மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில்தான் இருக்கிறது. இந்தக் கடலை அந்தப் பெரியவரோ அவருடைய பாட்டனாரோ பார்த்ததில்லை. பழைய அறிவு என்பது ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வந்த கடலைப் பார்த்துச் சேர்த்தது. கடலே மாறும்போது அந்த அறிவும் காலாவதி ஆகும்தானே?

ஜூனில் விடியலில் வற்றும், டிசம்பரில் இரவில் வற்றும் என்பதெல்லாம் நீர்மட்ட அட்டவணையில் நிமிடக் கணக்கோடு இருக்கிறது, சூரியனும் நிலவும் நிற்கிற கோணத்தால் வருவது. எனக்குப் பெரியவர்மேல் மரியாதை உண்டு. ஆனால் மரியாதை வேறு, வடிவமைப்பு வேறு.

இன்னொன்று. “அலையாத்திக் காட்டை வளர்த்தால் போதும், அது தன்னாலே கரையைக் காக்கும்” என்று யாராவது வருவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்: கடல் ஆண்டுக்கு 6 மில்லிமீட்டருக்கு மேல் ஏறத் தொடங்கினால் அந்தக் காடுகளால் வண்டலைச் சேர்த்துக்கொண்டு கூடவே ஏற முடியாது என்று 2020இல் ஓர் ஆய்வு வந்தது. பின்னால் நகர இடம் இருந்தால் நகரும். நம் ஊரில் பின்னால் என்ன இருக்கிறது? விரைவுச்சாலை.

தெம்பனிஸ்_வாசி

நல்ல பதில், தம்பி. மனம் ஆறவில்லை, ஆனால் நல்ல பதில்.

கிள்ளை_கண்ணன்

நான் துவாஸ் பக்கம் கப்பல் பட்டறையில் வேலை, ஊர் சிதம்பரம் பக்கத்தில் கிள்ளை. பிச்சாவரம் படத்தில் பார்த்திருப்பீர்கள், படகு விடுவார்கள். அது எங்கள் கொல்லைப்புறம் மாதிரி. பொறியாளர் சார் சொன்ன அலையாத்திக் காடு அதுதான், அதனால் இதில் எனக்கும் கொஞ்சம் பேச்சு இருக்கிறது.

அந்தக் காட்டில் இருளர்கள் இருக்கிறார்கள். இருளர் என்றால் பாம்பு பிடிப்பவர்கள் என்றுதான் எல்லாருக்கும் தெரியும், எங்கள் பக்கத்து இருளர்கள் தண்ணீருக்குள் இறங்கி வெறுங்கையால் இறால் பிடிப்பவர்கள். வலை கிடையாது. வலை போட மற்ற மீனவர்கள் விடமாட்டார்கள், அது வேறு கதை. ஆணும் பெண்ணுமாக வரிசையாக இடுப்பளவு, சில நேரம் கழுத்தளவுத் தண்ணீரில் குந்தினாற்போல நகர்வார்கள், சேற்றைக் கையால் தடவிக்கொண்டே. ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள், பிடித்த இறால் அதற்குள் போகும். கையில் முள் குத்திய தழும்பு இல்லாத ஆளைப் பார்க்க முடியாது. சின்ன வயதில் ஒருநாள் நானும் இறங்கிப் பார்த்தேன், ஒரு மணி நேரம் தடவி ஒரு நண்டிடம் கடி வாங்கினேன். பக்கத்தில் என் வயதுப் பெண் ஒருத்தி பறியை நிரப்பிக்கொண்டு போனாள். எப்படி என்று கேட்டேன். “தண்ணி எங்க சூடா இருக்குன்னு பாரு” என்றாள். எனக்கு எல்லா இடமும் ஒரே சூடாகத்தான் இருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எங்கள் வீட்டில் அவர்களைத் திண்ணைக்கு மேல் ஏறவிட்டதில்லை. இப்போது இங்கே உட்கார்ந்து அவர்களுடைய அறிவு, ஞானம் என்று எழுதும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். காடு ரொம்பக் காலமாகச் செத்துக்கொண்டே வந்தது. ஆடு மாடு மேய்க்கிறார்கள், விறகு வெட்டுகிறார்கள், ஊர்க்காரர்கள்தான் காரணம் என்று அதிகாரிகள் எல்லாரும் சொன்னார்கள். பிற்பாடு ஆராய்ந்து பார்த்தால் வேர் வேறிடத்தில் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து 1970கள் வரை காட்டைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, முறை வைத்து மொட்டையாக வெட்டியிருக்கிறார்கள். மரம் போனதும் வெயில் நேராகத் தரையில் அடித்து, ஈரம் காய்ந்து, நிலம் நடுவில் தொட்டி மாதிரி உள்வாங்கிவிட்டது. பெரிய ஏற்றத்தில் உள்ளே வந்த கடல்நீர் வெளியே போக வழியில்லாமல் அங்கேயே நின்று காய்ந்து உப்பாகிவிட்டது. உப்பில் கன்று முளைக்காது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரர்களுமாகச் சேர்ந்து, மீன் முள்ளு மாதிரி நடுவில் ஒரு வாய்க்கால், இரண்டு பக்கமும் கிளை வாய்க்கால் என்று வெட்டிவிட்டார்கள். தண்ணீர் வந்து போக ஆரம்பித்தது, நட்டது பிழைத்தது. இன்றைக்குப் படகில் போகிறவர்கள் செல்ஃபி எடுக்கிற பச்சையில் பாதி அப்படி வந்ததுதான்.

2004 சுனாமியில் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் பெரும்பாலும் தப்பின, முன்னால் கடலோரத்தில் இருந்தவை போய்விட்டன. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். இங்கே சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குப் போன வருடம் கம்பெனியில் கூட்டிப் போனார்கள். நடந்துகொண்டே வரும்போது ஒரு மரத்தைப் பார்த்து நின்றுவிட்டேன், அது எங்கள் ஊர்த் தில்லை மரம்! சிதம்பரத்துக்கே அதன் பெயர்தான். ஆனால் கோயிலைச் சுற்றி ஒன்றுகூட இப்போது இல்லை, பிச்சாவரத்துக்குப் போனால்தான் பார்க்கலாம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும் என்று சின்ன வயதிலேயே பயமுறுத்தி வைத்திருப்பார்கள். கூட வந்த மலாய்ச் சூப்பர்வைசர் தொடாதே என்றார். அவர்கள் அதற்கு ‘பூத்தா பூத்தா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். குருடு குருடு!

பொங்கோல்_பொறியாளன்

கண்ணன், சார் எல்லாம் வேண்டாம். இந்த இழையில் இதுவரை வந்ததில் உங்கள் பதிவுதான் சிறந்தது. தண்ணீர்ச் சூடு விஷயம் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

ஆனாலும் இரண்டு குறுக்குக் கேள்வி. ஒன்று, வாய்க்கால் வெட்ட வேண்டும் என்று கண்டுபிடித்தது உப்பை அளந்து, நில மட்டத்தை அளந்துதானே? இரண்டு, சுனாமியில் காத்தது காடா, இல்லை அந்த ஊர்கள் கடலிலிருந்து தள்ளி மேட்டில் இருந்ததா என்று ஆய்வாளர்கள் கொஞ்ச காலம் சண்டையே போட்டார்கள். காடு ஒன்றும் செய்யாது என்று நான் சொல்லவில்லை. நம் புலாவ் தேக்கோங் தீவின் வடகிழக்குக் கரையிலேயே அரிப்பைத் தடுக்கக் கல்லைப் போட்டு அதோடு அலையாத்திக் கன்றும் நட்டிருக்கிறார்கள், கல்லும் மரமும் சேர்ந்து. எதற்கு எவ்வளவு பங்கு என்று தெரியாமல் வடிவமைக்க முடியாது என்றுதான் சொல்கிறேன்.

கிள்ளை_கண்ணன்

அளந்துதான் கண்டுபிடித்தார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஆடு மேய்க்கிறவன்மேல் பழி போட்டதும் படித்தவர்கள்தான் சார். அப்போது யாரும் அளக்கவில்லை.

உட்லண்ட்ஸ்_அக்கா

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன், விடைத்தாள் திருத்துகிற வேலையில் எழுத நேரமில்லை.

எங்கள் வீட்டுச் சன்னலில் நின்றால் நமக்கும் மலேசியாவுக்கும் நடுவில் உள்ள ஜொகூர் நீரிணை தெரியும். அதில் ஒரு காலத்தில் ஓராங் சிலேத்தார் என்ற கடல் மக்கள் படகிலேயே பிறந்து படகிலேயே வாழ்ந்தார்கள், கூரை போட்ட படகு, கூடவே நாய். இந்தக் கரை அந்தக் கரை என்ற பேதமே அவர்களுக்கு இல்லை, சதுப்புக் காட்டு ஓடைகளில் நுழைந்து நுழைந்து வருவார்கள். 1924இல் பாலம் திறந்தார்கள், நீரிணை குறுக்கே அடைபட்டது. பிறகு எல்லை வந்தது, கடவுச்சீட்டு வந்தது. இன்று அவர்கள் ஜொகூர்ப் பக்கம் சில கம்பங்களில் இருக்கிறார்கள், அங்கேயும் கரையைத் தூர்த்து உயர்மாடி கட்டுகிறார்கள். நாம் சிலேத்தார் என்ற பெயரை விமான நிலையத்துக்கும் ராணுவ முகாமுக்கும் வைத்துக்கொண்டோம்.

காலாங்கும் அப்படித்தான். காலாங் ஆற்று முகத்தில் இருந்த ஓராங் காலாங் மக்களை ஆங்கிலேயர் வந்த பிறகு தெமெங்கோங் என்ற மலாய்த் தலைவர் ஜொகூரின் புலாய் ஆற்றுக்கு அனுப்பினார். நூறு குடும்பம் போனதில் 1847இல் பெரியம்மைக்குப் பின் எட்டுக் குடும்பம்தான் மிச்சம் என்று அந்தக் காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எட்டுக் குடும்பம். நாம் அந்தப் பெயரில் எம்ஆர்டி நிலையம் வைத்திருக்கிறோம். (தெம்பனிஸ் அண்ணா, உங்கள் ஊர்ப் பெயரும் ஒரு மரம்தான், தெம்பினிஸ், இரும்பு மாதிரிக் கெட்டி. உங்கள் புளோக் பக்கம் ஒன்றாவது இருக்கிறதா?)

பொறியாளர் தம்பி, நீங்கள் அறிவு காலாவதி ஆகும் என்கிறீர்கள். எனக்கு அதில் பாதி உடன்பாடு. ஆனால் முக்கால்வாசி அறிவு கடல் மாறியதால் போகவில்லை, ஆட்களைக் கிளப்பியதால் போனது. 1819இல் இந்தத் தீவில் ஏறத்தாழ 75 சதுர கிலோமீட்டர் அலையாத்திக் காடு இருந்ததாம், இன்று அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. கரையே இல்லாத இடத்தில் கரையைப் பற்றிய அறிவை எந்தக் கையில் வைத்துக்கொள்வது? என்னைக் கேட்டால், ஒலிப்பதிவு செய்து ஆவணக் காப்பகத்தில் வைத்தால் குரல் இருக்கும், பழக்கம் இருக்காது.

புகைமூட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2013 ஜூன் 21, காற்று மாசுக் குறியீடு 401. என் மகனுக்கு அப்போது ஏழு வயது, ஆஸ்துமா, இரவெல்லாம் நெபுலைசர். ஆசிரியர் அறையில், “அந்தக் காட்டுவாசிகள் எரிப்பதை நிறுத்தவே மாட்டார்களா” என்று ஒருவர் சொன்னார், நானும் தலையாட்டினேன். பிறகுதான் படித்தேன். போர்னியோவின் தாயாக் மக்கள் சின்னத் துண்டு நிலத்தை, சுற்றிலும் தீத்தடுப்புப் பாதை வெட்டி, காற்றின் திசை பார்த்து எரிப்பார்கள். இந்தோனேசியச் சட்டமே குடும்பத்துக்கு 2 ஹெக்டர் வரை மரபு முறையில் எரிக்க இடம் கொடுக்கிறது. நம்மை மூச்சுத் திணற வைத்தது பெரும்பாலும் செம்பனைக்கும் காகித மரத்துக்குமாகக் கால்வாய் வெட்டி நீரை வடித்த, செடிகொடி மக்கிச் சேர்ந்த கரிச்சேற்று நிலம். அது காய்ந்தால் தரைக்கு அடியில் வாரக்கணக்கில் புகையும். அன்று தலையாட்டியதை நினைத்தால் இன்னும் உறுத்துகிறது.

திருத்துறைப்பூண்டி_ராசா

வணக்கம். எனக்குக் கடல் தெரியாது, வயல் தெரியும். ஜூரோங்கில் பதினோரு வருடம்.

எங்கள் ஊரில் நெல் ஜெயராமன் இருந்தார், 2018 டிசம்பரில் போய்விட்டார். 174 பாரம்பரிய நெல் வகையை மீட்டவர். ஆதிரெங்கத்தில் ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்துவார். ஒரு விவசாயிக்கு 2 கிலோ விதை கொடுப்பார், காசு வாங்கமாட்டார், அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. என் சித்தப்பா வாங்கினார், முதல் வருடம் தரவில்லை, மழை ஏமாற்றிவிட்டது. அடுத்த வருடம் போய்க் கொடுத்தார்.

சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் வயலெல்லாம் உப்பேறி, ஒட்டு ரகம் எதுவும் தேறவில்லை. குழியடிச்சான், களர்பாலை மாதிரி உப்பு தாங்குகிற பழைய நெல்லைத் தேடிப் போனார்கள். தேடியபோது யாரோ ஒருத்தர் வீட்டில் இருந்தது. அதுதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த யாரோ ஒருத்தர் உப்பு வரும் என்று தெரிந்து வைத்திருக்கவில்லை. அவர் அப்பா போட்டார், அவரும் ஒரு மூலையில் போட்டுக்கொண்டிருந்தார். விளைச்சல் கம்மி, ஊரே சிரித்திருக்கும்.

பொறியாளர் அண்ணே, கடல் மாறுகிறது, அதனால் பழசு உதவாது என்கிறீர்கள். எங்களுக்கு மாறினபோது பழசுதான் உதவியது. எது உதவும் என்று முன்னாலே தெரியாததால் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் வைத்திருந்தார்கள்.

ஊரில் ஒரு பேச்சு உண்டு: தென்னையை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனையை வச்சவன் பார்த்துட்டுச் சாவான். கேலிக்குத்தான் சொல்வார்கள். ஆனால் எங்கள் ஏரிக்கரையில் நிற்கிற பனை எல்லாம் பார்த்துவிட்டுச் செத்தவர்கள் வைத்தது.

நிலா_கிளமெண்டி

ராசா அண்ணா, 🙏🙏

நான் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் படிக்கிறேன், அதனால் இந்த ‘பூர்வகுடி அறிவு’ என்ற தொடரை வாரத்துக்கு நாலு தடவை கேட்கிறேன். எனக்கு அதில் வரும் எரிச்சலைச் சொல்லவா? எல்லாரும் அதை ஒரு சரக்கு மாதிரி பேசுகிறார்கள். ‘அதை நம் திட்டத்தில் சேர்த்துக்கொள்வது எப்படி’ என்று ஒரு பட்டறை. ஆள் வேண்டாம், சரக்கு போதும்.

1987இல் அகத்தியமலைக் காட்டில் ஆராய்ச்சியாளர்களுக்கு வழிகாட்டப் போன காணிப் பழங்குடி மக்கள் களைப்பே இல்லாமல் நடந்தார்கள், ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டே. கெஞ்சிக் கேட்ட பிறகு செடியைக் காட்டினார்கள், ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து ஜீவனி என்று மருந்து செய்து 1995இல் ஒரு நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தார்கள், அந்த உரிம வருமானத்தில் பாதி காணி மக்களுக்கு. உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் நல்ல உதாரணம் என்று இதைத்தான் போடுகிறார்கள். அதே மக்கள் அந்தச் செடியைப் பறிக்கப் போனபோது வனச்சட்டம் குறுக்கே நின்றது என்பது இரண்டாம் பத்தியில் சின்ன எழுத்தில் வரும்.

ஆனால் பொறியாளர் அண்ணாவுக்கும் ஓர் உதாரணம் வைத்திருக்கிறேன். சிமெலுவே தீவு, சுமத்ராவுக்கு மேற்கே, 2004 நிலநடுக்க மையத்துக்கு ரொம்பப் பக்கம். அலை சில நிமிடங்களில் வந்துவிட்டது, எந்தக் கருவியும் எச்சரிக்க நேரமில்லை. 78,000 பேர் இருந்த தீவில் இறந்தது ஏழு பேர் என்று பதிவு. காரணம் ஒரே ஒரு சொல், ‘ஸ்மோங்’, அவர்கள் மொழியில் சுனாமி. 1907இல் ஓர் அலை வந்து நிறையப் பேரைக் கொண்டுபோனது, அதைப் பாட்டாக்கித் தாலாட்டுப் பாடும்போதும் வேலை செய்யும்போதும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்: நிலம் பலமாக ஆடினால், கடல் உள்வாங்கினால், மலைக்கு ஓடு. 97 ஆண்டு. சுனாமியைப் பார்க்காத மூன்று தலைமுறை அதைப் பாடியிருக்கிறது. யாரோ ஒருவர் ஸ்மோங் என்று கத்தினார், எல்லாரும் ஓடினார்கள்.

சங்கத்தமிழன்77

நான் நாலு நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. நிலா எழுதியதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

எனக்குச் சொந்த ஊர் நாகப்பட்டினம் பக்கம் ஒரு மீனவக் குப்பம். பெயர் வேண்டாம். 2004இல் நான் இங்கே, உட்லண்ட்ஸில் வேலை. என் பெரியப்பா வீட்டில் நாலு பேர். மாவட்டம் முழுக்க ஆறாயிரத்துக்கு மேல். என் சின்னத் தம்பி தப்பினான், அவன் சொன்னது: கடல் உள்ளே போனது, மீன் துள்ளிக்கொண்டு கிடந்தது, பிள்ளைகள் பொறுக்க ஓடினார்கள்.

கடல்கோள் என்ற சொல் நம்மிடம் இருந்தது என்று முதல் நாள் எழுதினேன். இருந்தது, புத்தகத்தில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து பத்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். எங்கள் குப்பத்தில் என் பாட்டிக்கு நாலு காற்றின் பெயர் தெரியும், எந்தக் காற்றுக்கு எந்த மீன் என்று தெரியும், புயல் வருவதை முதல் நாளே சொல்வாள். இதற்கு மட்டும் அவளிடம் ஒரு பாட்டும் இல்லை.

லெமூரியா என்று கேலி செய்த தம்பிமேல் எனக்குக் கோபமில்லை.

பொங்கோல்_பொறியாளன்

ஐயா, மன்னித்துவிடுங்கள். தெரியாமல் எழுதிவிட்டேன்.

தெம்பனிஸ்_வாசி

ஐயா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு மனைவியிடம் காட்டினேன். அவளும் பேசாமல் இருந்தாள்.

பொங்கோல்_பொறியாளன்

நேற்று இரவு யோசித்துக்கொண்டிருந்தேன். என் கருத்து முழுக்க மாறிவிட்டது என்று சொன்னால் பொய். சுவரின் உயரத்தை முடிவு செய்ய எனக்கு இன்னும் எண்தான் வேண்டும். 1.15 மீட்டருக்குப் பாட்டு இல்லை.

ஆனால் பெரியவர் கேட்ட கேள்வி இருக்கிறதே, தண்ணீர் எந்தப் பக்கம் திரும்பும் என்று, அது சரியான கேள்வி, நாங்கள் கணினி மாதிரிக் கணிப்பில் முதலில் பார்ப்பதும் அதைத்தான். அவர் அதை ஒரு படத்தைப் பார்த்து நின்ற இடத்திலேயே கேட்டிருக்கிறார். கணிப்பு ஓடி முடிந்து படம் வந்த பிறகு, ‘இந்த இடத்தில் இப்படி ஓடாதே’ என்று சொல்ல ஓர் ஆள் மேசைக்கு எதிரே இருந்தால் எங்களுக்கு நல்லதுதான். ஆண்டுக்கு ஒரு கண்காட்சி வைத்துக் கருத்துப் படிவம் நிரப்பச் சொல்வது அதுவல்ல, அதுவும் தெரிகிறது.

அக்காவுக்கு ஒரு பதில்: நாம் தூர்த்த கரையை யாரும் திருப்பித் தரப் போவதில்லை. கிழக்குக் கடற்கரைப் பூங்காவே 1966இல் தொடங்கித் தூர்த்த நிலம்தான், அதற்கு முன் காத்தோங் வீடுகளின் வாசலில் அலை அடித்தது. நாம் பிள்ளைகளோடு சைக்கிள் விடுவது கடலுக்கு மேல்.

உட்லண்ட்ஸ்_அக்கா

தெரியும் தம்பி. என் தாத்தா அந்தக் கரையில் குளித்தவர். அதனால்தான் அடுத்ததைத் தூர்ப்பதற்கு முன்னால் கேட்கச் சொல்கிறேன்.

செமாக்காவ் வம்சத்துப் பிள்ளைகளே 2020இல் ஓராங் லாவுட் எஸ்ஜி (ஓராங் லாவுட் என்றால் கடல் மக்கள்) என்று தொடங்கித் தீவுச் சாப்பாடு செய்து விற்கிறார்கள், கதையும் சொல்கிறார்கள். கணவாய்க் கறுப்புக் குழம்பு வாங்கிச் சாப்பிட்டோம், என் மகனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இது அறிவுப் பாதுகாப்பா என்று நிலா எரிச்சல்படலாம், ஆனால் சமைக்கிறவருக்கு அந்தக் கணவாய் எங்கே, எந்த மாதம் வரும் என்று தெரிந்திருக்கிறது.

நிலா_கிளமெண்டி

இல்லை அக்கா, இதில் எரிச்சல் இல்லை, சமைப்பது அவர்களே 😄

தெம்பனிஸ்_வாசி

ஒரு தகவல். பெரியவருக்கு நேற்று போன் செய்தேன், பேச்சு நீண்டு, கிழக்குக் கடற்கரையில் ஒருநாள் கடல் வற்றும்போது நடக்கலாமா என்று கேட்டுவிட்டேன். அங்கே இன்னும் கடற்புல்லும் நட்சத்திர மீனும் இருக்கிறதாம், தூர்த்த கரையில் தானாக வந்து சேர்ந்தவை. வருகிறேன் என்றார். வருகிற சனிக்கிழமை.

அட்டவணையில் பார்த்தேன், நீர் முழுக்க இறங்குவது காலை 5.40க்கு. பெரியவர் 4.30க்கு வரச் சொல்கிறார். ஏன் இவ்வளவு சீக்கிரம் என்றேன். தண்ணீர் போகும்போதே பின்னாலே போனால்தான் எது எங்கே போய் ஒளிகிறது என்று தெரியும், எல்லாம் போன பிறகு வந்தால் வெறும் சேறுதான் தெரியும் என்றார்.

வருகிறவர்கள் சொல்லுங்கள். கைவிளக்கு வேண்டும். செருப்பு வேண்டாம், மூடிய காலணி போடுங்கள், விஷ முள்ளுள்ள கல்மீன் இருக்குமாம். எதையும் எடுக்கக் கூடாது, கல்லைப் புரட்டினால் திருப்பி வைக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார்.

பொங்கோல்_பொறியாளன்

4.30க்கு வருகிறேன். அட்டவணையும் எடுத்து வருகிறேன், சண்டை போட அல்ல.

உட்லண்ட்ஸ்_அக்கா

நானும் மகனும். உட்லண்ட்ஸிலிருந்து அந்த நேரத்துக்குப் பேருந்து கிடையாது, யாராவது வண்டியில் ஏற்றிக்கொள்வீர்களா?

சங்கத்தமிழன்77

அக்கா, நான் ஈசூனில் இருக்கிறேன். வேன் இருக்கிறது. 3.45க்குக் கீழே நில்லுங்கள்.

கிள்ளை_கண்ணன்

எனக்கு அன்றைக்கு நைட் ஷிப்ட், ஏழு மணிக்குத்தான் விடுவார்கள். போட்டோ போடுங்கள். தண்ணீரில் இறங்கினால் எங்கே சூடாக இருக்கிறது என்று அந்தப் பெரியவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.